ஐந்து விநாடி விளையாட்டு, முப்பது விநாடி விளம்பரம்

கம்ப்யூட்டர் கேம்ஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 60, 70 ஜிபி இடம் கேட்கும் பெரிய கேம்கள்தாம். நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும், கதை வேண்டும், முடிக்க ஐம்பது மணி நேரமாவது ஆக வேண்டும். அப்போதுதான் அதை ஒரு கேம் என்றே மதிக்கிறார்கள். நான் வேறு கட்சி. ஒரு நிமிடம்கூடத் தாக்குப் பிடிக்காத, கதையே இல்லாத, பார்த்தால் சிரிப்பு வருகிற அசட்டு விளையாட்டுகள் இருக்கின்றனவே, எனக்கு அவைதான் பிடிக்கும். பொந்திலிருந்து தலை நீட்டும் எலியை அடிப்பது, பறவையைத் தட்டித் தட்டிக் குழாய் இடுக்கில் நுழைப்பது, ஓடிக்கொண்டே கள்ளிச் செடியைத் தாண்டுவது. கண் பார்த்ததும் கை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

இவற்றை "டைம் வேஸ்ட்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் இதே விளையாட்டுகளுக்கு இன்று மொபைல் போனில் நேர்ந்திருக்கும் கதியை நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது. இரண்டுக்குமே காரணம் என் அம்மா. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2004-ல் எங்கள் வீட்டில் ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் இருந்தது. அம்மா அதற்குத் தினமும் தூசி தட்டித் துணி போட்டு மூடுவார். தொட மட்டும் மாட்டார். "நான் ஏதாச்சும் அமுக்கி அது கெட்டுப் போச்சுன்னா?" என்பார். மெயில் பார்க்கவும், வெளியூரில் இருந்த அக்காவோடு சாட் செய்யவும் கற்றுக்கொடுக்க நான் பலமுறை உட்கார வைத்துப் பார்த்தேன். மவுஸ் அவர் கையில் நிற்காது. மேசை விளிம்புக்கு வந்ததும் மவுஸைத் தூக்கி மறுபடி நடுவில் வைக்கலாம் என்பதே அவருக்குப் புரியவில்லை. நான் கத்துவேன். அவர் எழுந்து போய்விடுவார்.

அந்த ஆண்டு எல்லா அலுவலகங்களிலும் ஒரு பிளாஷ் விளையாட்டு மெயிலில் சுற்றி வந்தது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிறிஸ் ஹில்கெர்ட் என்பவர் உருவாக்கிய "எட்டி ஸ்போர்ட்ஸ்" வரிசையின் முதல் விளையாட்டு. பாறை மேல் ஒரு பென்குயின். கீழே கையில் தடியோடு ஒரு பனி மனிதன். ஒரு கிளிக் செய்தால் பென்குயின் குதிக்கும். அது கீழே வரும் சரியான தருணத்தில் இன்னொரு கிளிக் செய்தால் பனி மனிதன் தடியை வீசுவான். பென்குயின் பறந்து போய்ப் பனியில் சறுக்கும், சில சமயம் தலைகீழாகக் குத்தி நிற்கும். எவ்வளவு தூரம் போனது என்பதுதான் மதிப்பெண்.

நான் விளையாடிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் நின்று பார்த்தார். பென்குயின் தலைகீழாகக் குத்தி நின்றதும் சிரித்துவிட்டார். "ஒருக்க குடு பாப்போம்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸை எங்கேயும் நகர்த்த வேண்டியதில்லை, அமுக்கினால் போதும். முதல் தடவை தடி காற்றில் வீசியது. "போச்சா?" என்று என்னைப் பார்த்தார். போகவில்லை, பென்குயின் மறுபடி பாறை மேல் வந்து நின்றது. அன்று இரவு குழம்பு அடிப்பிடித்தது என்பது தனிக்கதை. ஒரு வாரத்தில் அவரே கம்ப்யூட்டரை ஆன் செய்து, ஐகானைத் தேடி டபுள் கிளிக் செய்து விளையாட ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் மெயில் பார்த்தார்.

நான் ஆறு மாதம் பாடம் நடத்தியும் வராதது இதில் எப்படி வந்தது? எனக்குத் தோன்றிய காரணம் இதுதான். என் பாடத்தில் தப்பு செய்தால் மகன் முகம் கோணும். விளையாட்டில் தப்பு செய்தால் பென்குயின் திரும்ப வந்து நிற்கும், இரண்டு விநாடிகூட ஆகாது. தோற்பதற்கு விலையே இல்லாதபோதுதான் மனிதர் தைரியமாகக் கையை வைக்கிறார். இந்தச் சிறு விளையாட்டுகளின் உயிர், தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த மிகச் சிறிய இடைவெளியில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கே வருவோம்.

இந்த ரகசியத்தை நன்கு புரிந்துகொண்டு செய்யப்பட்ட கேம் என்று நின்டெண்டோ நிறுவனம் 2003-ல் கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்கு வெளியிட்ட "வாரியோவேர்" விளையாட்டைச் சொல்வேன். ஒரே கார்ட்ரிட்ஜில் 200-க்கும் மேற்பட்ட குட்டி விளையாட்டுகள். ஒவ்வொன்றும் சுமார் ஐந்து விநாடிதான். திரையில் ஒரே ஒரு வார்த்தை கட்டளையாக வரும். "விலகு!" என்றால் வரும் காரைத் தாண்ட வேண்டும். இன்னொன்றில் ஒரு மூக்கு, ஒரு விரல். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை! புரிந்துகொண்டு முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். போகப் போக வேகம் கூடும். நான்கு முறை தவறினால் ஆட்டம் முடிந்தது. அந்தக் கேமில் ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு. வாரியோ என்ற பேராசைக்காரன், சீக்கிரம் பணம் சம்பாதிக்கலாம் என்று கேம் கம்பெனி ஆரம்பித்து, நண்பர்களை விட்டு அவசர அவசரமாகக் குட்டி கேம்களைத் தயாரிக்கச் சொல்கிறான். அன்று அது நகைச்சுவை. இன்றைய ஆப் ஸ்டோரைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

சரி, கண் பார்த்ததும் கை அமுக்க எவ்வளவு நேரம் ஆகிறது? சாதாரணமாக ஒரு விநாடியில் கால் பங்கு. ஒலியைக் கேட்டு அமுக்குவது இன்னும் கொஞ்சம் வேகம். ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு 0.1 விநாடிக்குள் ஒருவர் கிளம்பினால், அவர் சத்தத்தைக் கேட்டுக் கிளம்பவில்லை, முன்கூட்டியே கிளம்பிவிட்டார் என்றுதான் தடகள விதி கணக்கில் எடுக்கிறது.

உங்கள் வேகத்தை அளக்க எந்த சாப்ட்வேரும் வேண்டாம். பள்ளிக்கூடப் பையில் இருக்கும் 30 செ.மீ. ஸ்கேல் போதும். ஒருவர் ஸ்கேலின் மேல் நுனியைப் பிடித்துத் தொங்க விடட்டும். பூஜ்யம் கீழே இருக்க வேண்டும். நீங்கள் பூஜ்யத்துக்கு நேராக விரல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விடுவார், நீங்கள் பிடிக்க வேண்டும். 15 செ.மீ.யில் பிடித்தால் சுமார் 0.17 விநாடி. 20 செ.மீ. என்றால் 0.20. முழு ஸ்கேலும் கையைத் தாண்டி விழுந்தால் கால் விநாடிக்கு மேல் ஆகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் என் மகள் 14-ல் பிடித்தாள். நான் 22. "அப்பா, தூங்குறீங்களா?" என்று கேட்டாள்.

வயதாக ஆக இந்த வேகம் குறையும். ஆனால் வித்தியாசம் ஒரு விநாடியில் சிறு பின்னம்தான். செஸ்ஸிலோ கிரிக்கெட்டிலோ பேத்தியும் பாட்டியும் சமமாக ஆட முடியாது. எலி அடிக்கும் விளையாட்டில் முடியும். எந்தக் கணத்தில் அமுக்குவது என்று கணிப்பதில் பழக்கத்துக்குப் பெரிய பங்கு இருப்பதால் பாட்டி பல நேரம் ஜெயிப்பார். ஐந்து வயதும் எழுபது வயதும் ஒரே திரை முன் உட்கார்ந்து ஒன்றையொன்று கேலி செய்யும் இன்னொரு விளையாட்டை நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இப்படி ஆடினால் மூளை கூர்மையாகும், ஞாபக சக்தி வளரும் என்றெல்லாம் யாராவது விற்றால் நம்பாதீர்கள். "மூளைப் பயிற்சி" கேம்களை விற்ற லுமோசிட்டியின் தாய் நிறுவனம், தன் விளம்பரங்கள் மக்களை ஏமாற்றின என்ற அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 2016-ல் 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. எலியை அடித்தால் எலி அடிக்கும் திறமை வளரும். எனக்கு அது போதும்.

கால் விநாடி கணக்கு என்பதால் கருவியும் முக்கியம். இது வீட்டில் விளையாடுபவர்கள் பலர் கவனிக்காத சங்கதி. நம் ஊரில் தொண்ணூறுகளில் டிவியோடு இணைத்து ஆடிய வீடியோ கேம் செட்டில் வாத்து சுடும் துப்பாக்கி ஒன்று வரும், நினைவிருக்கிறதா? அதைப் பரணிலிருந்து எடுத்து இன்றைய எல்இடி டிவியில் மாட்டினால் ஒரு வாத்தும் விழாது. துப்பாக்கி கெட்டுப் போய்விட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி முனையில் உள்ள சென்சார் பார்க்கும். பழைய பிக்சர் டியூப் டிவி படத்தை உடனுக்குடன் வரையும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது அது. புது டிவிக்கள் படத்தை வாங்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டுகின்றன.

அந்தத் தாமதம் நம் கைக்கும் தெரியும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் மாற ஆகும் நேரம் சுமார் 17 மில்லி செகண்ட். அது பெரிதில்லை. ஆனால் சில டிவிக்கள் படத்தை மெருகேற்ற நூறு மில்லி செகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். உங்கள் கால் விநாடியில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே போய்விடும். எனவே கம்ப்யூட்டரை டிவியில் இணைத்து ஆடுபவர்கள் டிவி மெனுவில் "கேம் மோட்" இருக்கிறதா என்று தேடி ஆன் செய்யுங்கள். தாளத்துக்கு ஏற்பத் தட்டும் விளையாட்டுகளுக்கு புளூடூத் இயர்போன் கூடவே கூடாது. சத்தம் தாமதமாக வரும். "எனக்கு வயசாயிடுச்சு" என்று வருந்துவதற்கு முன் இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இனி கோபத்துக்கு வருகிறேன்.

2013-ல் வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென் என்ற இளைஞர் தனியாளாக "பிளாப்பி பேர்ட்" என்ற விளையாட்டை வெளியிட்டார். தட்டினால் பறவை எழும்பும், விட்டால் விழும். நடுவில் குழாய்கள். முதல் குழாயைத் தாண்டவே பலருக்குப் பத்து முயற்சி ஆனது. 2014 ஜனவரியில் அது உலகமெங்கும் முதல் இடத்துக்கு வந்தது. விளம்பரத்தில் நாளொன்றுக்கு 50,000 டாலர் வருவதாகச் செய்தி வந்தது. பிப்ரவரியில் நுயென் அதை ஸ்டோரிலிருந்து தாமே எடுத்துவிட்டார். சில நிமிடம் விளையாடிவிட்டுப் போவதற்காகச் செய்தது, மக்கள் விட முடியாத பழக்கம் ஆகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம்.

அவர் கேமில் விளம்பரம் ஓர் ஓரப் பட்டையாகத்தான் இருந்தது. தோற்றால் உடனே திரும்ப ஆடலாம். அவருக்குப் பின்னால் வந்த பலர் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி என்றேனே, அதையே விற்கலாம் என்று. ஐந்து விநாடி விளையாடினால் முழுத் திரைக்கு விளம்பரம். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமா, முப்பது விநாடி விளம்பரம் பார். மூடும் பெருக்கல் குறி எங்கே? மூலையில் எறும்பு அளவில். அதுவும் சில விநாடி கழித்துத்தான் தோன்றும். சில விளம்பரங்களில் முதலில் வரும் பெருக்கல் குறி வெறும் படம். அதைத் தொட்டால் விளம்பரத்தையே தொட்டதாகக் கணக்கு.

இதில் என்ன அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். திரையில் ஏதாவது தோன்றினால் யோசிக்காமல் அமுக்கு என்று ஐந்து விநாடிக்கு ஒருமுறை விளையாட்டு நம் விரலைப் பழக்குகிறது. அப்படிப் பழகிய விரலுக்கு முன்னால் உடனே ஒரு பட்டனைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நிதானமாகப் படித்துவிட்டு அமுக்கு என்று நாம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே நினைவுக்கு வரும்?

என் அம்மாவுக்கு வரவில்லை. அப்பா இறந்த பிறகு அவர் ஊரில் தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். பிளாஷ் போன பிறகு பென்குயினும் போய்விட்டதால் போனில் ஏதோ இலவச விளையாட்டை இறக்கி ஆடிக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு ஒரு நாள் காலை போன் செய்தேன், ஸ்விட்ச் ஆப். மாலையிலும் அதே. மறுநாளும் அதே. அக்காவும் முயன்று பார்த்தாள். அந்த இரண்டு நாளில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுத விருப்பமில்லை. கடைசியில் பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தப்பாவை அனுப்பினோம். அம்மா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாராம்.

நடந்தது இதுதான். ஆட்டத்துக்கு நடுவே வந்த விளம்பரத்தில் விரல் பட்டு, போனைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஒரு ஆப் இறங்கியிருக்கிறது. அது "உங்கள் போனில் 13 வைரஸ்" என்று சிவப்பு எழுத்தில் மணிக்கொரு முறை மிரட்டியிருக்கிறது. பயந்துபோய் போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டார். சித்தப்பா போனிலிருந்து பேசினார். "ஏய்யா, நான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. உன்கிட்ட சொன்னா ஏசுவேன்னுதான்..." என்றார். 2004-ல் மவுஸுக்காக நான் கத்தியது அவருக்கு மறக்கவில்லை. இந்த இடத்தில் குற்றம் விளம்பரத்தினுடையது மட்டுமல்ல என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். சேப் மோடில் போனை ஆன் செய்து அந்த ஆப்பையும், கூட வந்த இன்னும் இரண்டையும் நீக்கினேன். பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட் ஸ்கேன் ஓட்டினேன். பணம் எதுவும் போகவில்லை. வாங்கும்போது கைரேகை கேட்கும்படி பிளே ஸ்டோர் செட்டிங்ஸை மாற்றினேன். நீங்களும் வீட்டில் பெரியவர்கள், குழந்தைகள் போனில் இதைச் செய்து வையுங்கள். ஆப்பை இறக்கும் முன் அதன் பெயருக்குக் கீழே "விளம்பரங்கள் உள்ளன" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இணையம் தேவைப்படாத விளையாட்டாக இருந்தால் ஏரோபிளேன் மோடில் ஆடலாம். அப்போது புதிய விளம்பரங்கள் வர வழியில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பயனரைத் தந்திரமாகத் தவறாக அமுக்க வைக்கும் வடிவமைப்புகளை "டார்க் பேட்டர்ன்" என்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. வேறு ஏதோ போல வேஷம் போட்டு வரும் விளம்பரம் அதில் ஒன்று. வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்தும் புரோகிராம் இன்னொன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். கூகுள் பிளேயும் 2022-ல் ஒரு விதி கொண்டுவந்தது: 15 விநாடிக்குப் பிறகும் மூட முடியாத முழுத் திரை விளம்பரம் கேம்களில் கூடாது. ஆனால் பரிசுக்காக நாமே சம்மதித்துப் பார்க்கும் விளம்பரத்துக்கு இந்த விதி பொருந்தாது. எனவேதான் எல்லாரும் "தொடர வேண்டுமா, விளம்பரம் பார்" என்று நம் சம்மதத்தைக் கேட்கிறார்கள். வைரம், காசு என்று ஆசை காட்டி வாங்கும் சம்மதம்.

விளம்பரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. கேம் எழுதுபவருக்கும் சாப்பாடு வேண்டும். ஓரத்தில் ஒரு பட்டை போடட்டும், அல்லது ஒரேயடியாக விலை வைக்கட்டும், 100 ரூபாய் என்றாலும் கொடுப்பேன். அந்த இரண்டு விநாடி இடைவெளியில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதை எடுத்துவிட்டால் அங்கே விளையாட்டு என்று எதுவும் மிச்சமில்லை.

பழைய பிளாஷ் விளையாட்டுகள் பல முற்றிலும் அழிந்துவிடவில்லை. அடோபி 2020 டிசம்பர் 31-ல் பிளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. ஆனால் "ரபிள்" என்ற இலவச எமுலேட்டர் வழியாக இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் அவற்றில் பலவற்றை இன்றும் பிரவுசரிலேயே ஆட முடியும்.

அம்மாவுக்கு நான் வேறொன்றைக் காட்டிவிட்டு வந்தேன். குரோம் பிரவுசரில் இணையம் இல்லாதபோது ஒரு சின்ன டைனோசர் நிற்குமே, அதுதான். கம்ப்யூட்டரில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால், போனில் அதைத் தொட்டால், ஓட ஆரம்பித்துவிடும். 2014-ல் வந்தது. 2018-ல் மாதம் 27 கோடி முறை ஆடப்படுவதாக கூகுள் சொன்னது. இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் நாடுகளில்தான் அதிகம் என்று சொல்லி, அதில் இந்தியாவையும் சேர்த்திருந்தார்கள்! இணையம் இல்லாதபோது வருவது என்பதால் நடுவே விளம்பரம் எதுவும் கிடையாது. கள்ளியில் மோதினால் ஒரு தட்டு, மறுபடி ஓட்டம்.

போன மாதம் ஒரு மத்தியானம், நான் ஆபீஸில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன். குரலில் பதற்றம். "ஏய்யா, அந்தக் குதிக்கிற பல்லி இருக்குல்லா, ஓடிக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு ஸ்கிரீன் பூராவும் கறுப்பாயிட்டு. நெலா எல்லாம் வருது. நான் ஒண்ணையும் அமுக்கலை."

அந்த விளையாட்டில் 700 புள்ளி தொட்டால் பகல் இரவாக மாறும். என் மகள் அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். நான் இதுவரை 640-ஐத் தாண்டியதில்லை. அதைச் சொன்னதும் அம்மா ஒரு விநாடி பேசவில்லை. பிறகு, "அப்போ நான் உன்னைய விட ஜாஸ்தியா?" என்றார்.